நாக்குக்கு அடியில் ஒரு மருந்து: வலிக்கு மட்டும் ஏன் இத்தனை காத்திருப்பு?

பெரம்பலூர் வழியாகப் போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விபத்து என்றால் கூடியிருப்பவர்கள் முதலில் கேட்பது, ‘உயிர் இருக்கா?’ என்பதுதான். இருக்கிறது என்று தெரிந்ததும், ‘எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது?’ என்பார்கள். தொடை எலும்பு முறிந்து கிடப்பவருக்கு எவ்வளவு வலிக்கிறது, அந்த வலிக்கு யார், எப்போது, என்ன கொடுப்பார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். உயிரைக் காப்பாற்றிய பிறகு வலியைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆஸ்பத்திரி வழக்கம். இரண்டுக்கும் நடுவில் அடிபட்டவர் கழிக்கும் மணி நேரங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்த நேரத்துக்கு ஏற்ற ஒரு மருந்து மருத்துவ உலகில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும், அபின் வகையைச் சேர்ந்த சிறு மாத்திரை அது. பெயர் பியூப்ரினார்ஃபின். ஆபத்துகளை முழுதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தகுந்த கட்டுப்பாடுகளோடு, இந்த மருந்தை நம் தாலுகா மருத்துவமனைகள் வரை கொண்டுவர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பெரம்பலூரும் அரியலூரும் இந்த வாதத்துக்குப் பொருத்தமான மாவட்டங்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து அரியலூர் ஒருமுறை பிரிந்து, மீண்டும் சேர்ந்து, 2007 நவம்பரில் நிரந்தரமாகத் தனி மாவட்டமானது. அரியலூரில் சிமென்ட் ஆலைகள், அவற்றுக்காகத் தோண்டப்படும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், கல் ஏற்றி இரவும் பகலும் ஓடும் டிப்பர் லாரிகள். பெரம்பலூரில் கல்குவாரிகள், கிரஷர்கள், ஓயாத நெடுஞ்சாலை. இரண்டிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடுகள், அவற்றில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரங்கள். கை நசுங்கவும், கால் முறியவும், தீக்காயம் படவும் இங்கே காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2023 அக்டோபரில் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசுத் தயாரிப்புக் கூடம் வெடித்துச் சிதறியதில் பலர் இறந்தார்கள். காயமடைந்தவர்களைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் பெரிய அடிபட்டவர்களைத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ‘ரெஃபர்’ செய்வது நிற்கவில்லை. பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டருக்கு மேல். செந்துறை, ஆண்டிமடம், வேப்பந்தட்டை போன்ற ஊர்களிலிருந்து கிளம்புகிறவருக்கு, மாவட்டத் தலைநகரை எட்டும் தூரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

நரம்பு ஊசி கிடைக்காத நேரம்

இந்தப் பயணத்தில் வலிக்கு வழக்கமாகக் கிடைப்பவை மூன்று: இடுப்பில் ஒரு டைக்ளோஃபினாக் ஊசி, பாராசிட்டமால் ட்ரிப், சில இடங்களில் டிரமடால். சுளுக்குக்கும் சிறு முறிவுக்கும் இவை போதும். நொறுங்கிய எலும்புக்கும் பரவிய தீக்காயத்துக்கும் பெரும்பாலும் போதாது. மேலும், ரத்தம் நிறைய போன உடலில் டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் கவனமான மருத்துவர் அதைத் தவிர்க்கவே நினைப்பார். கடும் வலிக்கு உலகம் முழுதும் முதலில் எடுக்கப்படுவது நரம்பு வழி மார்ஃபின் அல்லது ஃபென்டனில். அதற்கு நரம்பில் ஊசி ஏற வேண்டும், மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கவனிக்க ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மருந்து அலமாரியில் இருக்க வேண்டும். அதிர்ச்சியில் நரம்புகள் சுருங்கிப் போனவருக்கும், இரு கையும் வெந்தவருக்கும் ஊசி குத்த இடம் தேடுவதே பெரும்பாடு. இரவுப் பணியில் ஒரு மருத்துவரும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும் மட்டும் இருக்கும் இடத்தில் அந்தத் தேடலுக்கு நேரமும் இருக்காது.

நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பது நமக்குப் புதிதல்ல. நெஞ்சு வலித்தால் சார்பிட்ரேட் மாத்திரையை அங்கே வைக்க வேண்டும் என்பது ஊரில் பலருக்கும் தெரியும். நாக்கின் அடிப்பக்கத் தோல் மிக மெல்லியது. அதற்குக் கீழே ரத்த நாளங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அங்கே கரையும் மருந்து, குடலையும் கல்லீரலையும் சுற்றிவராமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. பியூப்ரினார்ஃபினுக்கு இந்த வழி மிகவும் முக்கியம். விழுங்கினால் கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் கரைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போய்ச் சேரும். அது மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் மருந்து என்பதால் அந்தப் பங்கு போதும். வலிக்கான மாத்திரையில் இருப்பது 0.2 மில்லிகிராம்தான். அரை மணி நேர அளவில் வலி தணியத் தொடங்கும். ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்கும். செய்முறையும் எளிது. வாய் உலர்ந்திருந்தால் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். வெற்றிலையோ புகையிலையோ அடக்கியிருந்தால் துப்பி வாயைக் கொப்பளிக்க வேண்டும். மாத்திரையைக் கடிக்காமல், விழுங்காமல், முழுதும் கரையும் வரை பேசாமல் இருக்க வேண்டும். கரைந்துவிட்டதா என்று நாக்கைத் தூக்கச் சொல்லி நர்ஸ் பார்க்க வேண்டும். ஊசியும் வேண்டாம், ட்ரிப்பும் வேண்டாம். ஆனால் முகமும் வாயும் வெந்தவருக்கும், வாந்தி நிற்காதவருக்கும் இந்த வழி பயன்படாது.

சான்று என்ன சொல்கிறது?

இந்த மருந்து இங்கிலாந்தில் 1960களில் உருவானது. 1978-ல் ஊசியாகவும், 1982-ல் நாக்கடி மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்தது. இந்தியாவும் 1980களிலேயே அதைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அவசர சிகிச்சையில் அதன் பயனை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமானது, ஈரான் மருத்துவர்கள் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஒன்று. எலும்பு முறிந்து கேஷுவால்டிக்கு வந்த 89 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாக்குக்கு அடியில் 0.4 மில்லிகிராம் பியூப்ரினார்ஃபின், மற்றதற்கு நரம்பில் 5 மில்லிகிராம் மார்ஃபின். எது எவருக்கு என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பத்துக்கு இத்தனை என்று வலியை மதிப்பிட்டதில், அரை மணியில் இரண்டு குழுவிலும் அளவு 5 ஆனது; ஒரு மணியில் 2 ஆனது. ஊசியும் மாத்திரையும் ஒரே வேலையைச் செய்தன.

89 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். அதனால் 2018-ல் பிரிட்டிஷ் மயக்கவியல் இதழில் வந்த தொகுப்பாய்வையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திடீர் வலிக்குப் பியூப்ரினார்ஃபினையும் மார்ஃபினையும் ஒப்பிட்ட 28 சோதனைகள், மொத்தம் 2,210 நோயாளிகள். வலி தணிப்பதிலும், மூச்சு மந்தமாவதிலும், தூக்கக் கலக்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உடல் அரிப்பு பியூப்ரினார்ஃபினில் குறைவு. அந்தச் சோதனைகளில் மருந்து பல வழிகளில் கொடுக்கப்பட்டது. பெரும்பாலானவை அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் செய்யப்பட்டவை. எனவே நெடுஞ்சாலை விபத்துக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் இரண்டு சான்றுகளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. நரம்பு ஊசி உடனே கிடைக்கும் இடத்தில் அதுவே முதல் தேர்வு. அது கிடைக்காத இடத்தில், அல்லது கிடைக்கத் தாமதமாகும் இடத்தில், நாக்கடி மாத்திரை அதற்கு நிகராக நிற்கக்கூடியது.

அபின் விளையும் நாட்டில் மார்ஃபின் பஞ்சம்

இவ்வளவு தெரிந்தும் மருந்து ஏன் வரவில்லை? விடை மருத்துவத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. அரசின் உரிமம் பெற்ற விவசாயிகள் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் கசகசாச் செடியிலிருந்து சட்டப்படி அபின் எடுக்கிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. அதே நாட்டில், 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது 716 கிலோவாக இருந்த ஆண்டு மார்ஃபின் பயன்பாடு, 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிமங்கள், ஒரு காகிதம் தவறினாலும் சிறை என்ற அச்சம் ஆகியவற்றால் மருத்துவமனைகள் மருந்தையே கைகழுவிவிட்டன. திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றோர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்று அறிவிக்கப்பட்டு, நாடு முழுதும் ஒரே விதி வந்தது. ஆனாலும் வலியில் தவிப்போருக்குத் தேவைப்படும் அபின் வகை மருந்தில் 4 சதவீதம் அளவுதான் இந்தியாவில் கிடைக்கிறது என்று 2017-ல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. சட்டம் மாறி மூன்றாண்டு கழித்தும் நிலைமை இதுதான்; பழக்கம் மாறவில்லை.

அந்த ஆறு மருந்துகளில் பியூப்ரினார்ஃபின் இல்லை. சட்டம் அதை மனமயக்கப் பொருள்களில் சேர்க்கிறது. மருந்து விதிகளின் ‘எச்1’ பட்டியலிலும் அது உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு தேவையானதுதான். ஆனால் கட்டுப்பாடு என்பது முறையாகக் கொடுப்பதற்கான ஏற்பாடு. கொடுக்காமலே இருந்துவிடுவதற்குச் சொல்லும் சாக்காக அது மாறிவிட்டதுதான் பிரச்சினை.

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க முடியாது

முதல் ஆட்சேபம் போதை. இதைக் கற்பனைப் பயம் என்று ஒதுக்க முடியாது. 1990களில் சென்னையில் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களிடையே ஹெராயினுக்கு அடுத்துப் பரவியது இதே பியூப்ரினார்ஃபின் ஊசிதான். இன்று டாபென்டடால் என்ற வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து இளைஞர்கள் நரம்பில் ஏற்றிக்கொள்வதும், அந்த மாத்திரைகளைப் போலீஸார் பெட்டி பெட்டியாகப் பிடிப்பதும் தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் செய்தி. போதைக்குப் பயன்பட்டதால்தான் 2018-ல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அபின் வகை மாத்திரைகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்ததன் விளைவை அந்த நாடு இன்னும் சுமக்கிறது. ‘வலியே இல்லாமல் ஆக்குவோம்’ என்று இலக்கு வைத்து மருத்துவமனைகளை முடுக்கிவிட்டதும் அந்தச் சீரழிவில் ஒரு பங்கு.

ஆனால் இந்த எல்லாக் கதைகளிலும் மருந்து வழிதவறிய இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அட்டை அட்டையாக வீட்டுக்குப் போன மாத்திரை, கடையில் சீட்டில்லாமல் கைமாறிய மாத்திரை, வாரக்கணக்கில் தொடர்ந்து எழுதப்பட்ட மாத்திரை ஆகியவைதான் ஊரைக் கெடுத்தன. கேஷுவால்டியில் நர்ஸ் கண் முன்னால் நாக்குக்கு அடியில் கரைந்து முடிந்த ஒற்றை மாத்திரையை யாரும் விற்கவும் முடியாது, சேர்த்து வைக்கவும் முடியாது. நம்மிடமே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்தும் போதை மீட்பு மாற்று சிகிச்சை மையங்களில், இதே மருந்தை வலி மாத்திரையைவிடப் பல மடங்கு கூடுதலான அளவில் தினமும் தருகிறார்கள். மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போட்டு, கரையும் வரை ஊழியர் பார்த்துக்கொண்டிருப்பார். போதைக்குப் பழகியவர்களிடமே கண்காணிப்போடு கொடுக்க முடிகிற மருந்தை, கால் முறிந்து வந்த லாரி ஓட்டுநருக்குக் கண்காணிப்போடு கொடுக்க முடியாது என்று சொல்வதில் நியாயம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் மூச்சு. அபின் வகை மருந்துகள் அளவு மிஞ்சினால் மூச்சை அடக்கும். உயிர் போவது அதனால்தான். பியூப்ரினார்ஃபின் இதில் சற்று வேறுபட்டது. அளவைக் கூட்டக் கூட்ட மூச்சை அடக்கும் விளைவு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதை 2000களில் நெதர்லாந்தின் லைடனில் ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டின. இதைக் கவசம் என்று நினைத்துவிடக் கூடாது. குடித்திருப்பவருக்கும், தூக்க மாத்திரை எடுத்தவருக்கும் அந்த எல்லை உடைந்துவிடும். மூச்சு தடைபட்டால் மாற்று மருந்தான நலாக்ஸோன் வழக்கமான அளவில் வேலை செய்யாது. கூடுதலாகவும் தொடர்ந்தும் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே தலையில் அடிபட்டு நினைவு தடுமாறுபவர், மது வாடையோடு வருபவர், ரத்த அழுத்தம் விழுந்தவர் ஆகியோருக்கு இந்த மாத்திரை கூடாது. நெடுஞ்சாலை விபத்துகளில் இவர்கள் சிறு எண்ணிக்கை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விவசாய மாவட்டங்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை உண்டு. இரவில் தரையில் படுத்து, விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்று வலியோடு எழுபவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். கடித்த தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். அந்த விஷமே மூச்சுத் தசைகளை முடக்கும். அவருக்கு அபின் வகை மருந்து கொடுப்பது ஆபத்தின் மேல் ஆபத்து.

மூன்றாவது, பழைய ஆட்சேபம்: வலியை அடக்கிவிட்டால் நோய் என்னவென்று சர்ஜனுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு காலத்தில் பாடநூல்களே இப்படித்தான் சொல்லின. வயிற்று வலியோடு வந்தவர்களிடம் செய்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, அபின் வகை மருந்து கொடுத்ததால் நோயைக் கண்டுபிடிப்பதில் தவறு கூடவில்லை என்று முடிவு சொல்லிவிட்டது. முறிந்த எலும்புக்கோ இந்த வாதம் தொடக்கத்திலிருந்தே பொருந்தாது. எக்ஸ்ரே எடுக்கும்போது வலியால் நெளியாமல் இருப்பது நோயாளிக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

நான்காவது ஆட்சேபம் வேகம் பற்றியது. அரை மணி நேரம் அதிகம் இல்லையா? நரம்பு ஊசி சில நிமிடங்களில் வேலை செய்கிறதே? உண்மைதான். இதைவிட விரைவான நாக்கடி மருந்தும் வந்தது. போர்க்களத்தை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட 30 மைக்ரோகிராம் சுஃபென்டனில் மாத்திரைக்கு 2018 நவம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதி தந்தது. ஃபென்டனிலைவிடப் பல மடங்கு வீரியமான இன்னொரு மருந்து எதற்கு என்று அங்கேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் தரவே கூடாது என்ற நிபந்தனையோடு வந்தும் அது விலைபோகவில்லை. நமக்கு அந்தப் பாதை வேண்டாம். விலை குறைந்த, இந்தியாவிலேயே தயாராகிற, மூச்சு விஷயத்தில் ஓரளவு பாதுகாப்பான பழைய மருந்தே போதும். அரை மணி நேரம் தாமதம் என்பவர்கள், ஜெயங்கொண்டத்தில் மாவுக்கட்டு போட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பப்படும் ஒருவர் எத்தனை அரை மணி நேரங்களைச் சாலையில் கழிக்கிறார் என்பதையும் கணக்கிட வேண்டும். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் வைத்த மாத்திரை பாதி வழியில் வேலை செய்யத் தொடங்கும். பெரிய மருத்துவமனையில் வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்கும் அது தாங்கும்.

செய்ய வேண்டியது

தமிழ்நாட்டுக்கு இதற்கான சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்று உறுதி தருகிறது. அந்த 48 மணி நேரத்தில் முதல் நான்கு மணி நேர வலிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வரையறுத்துவிட்டால் திட்டம் முழுமை பெறும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் தாலுகா மருத்துவமனைகளிலும் தலைமை மருத்துவமனைகளிலும் ஓராண்டு சோதனையாகத் தொடங்கலாம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அதை ஆய்வாகவே நடத்தலாம். நிபந்தனைகள் கறாராக இருக்கட்டும்: பணியில் உள்ள மருத்துவர் பார்த்து எழுத வேண்டும், பெரியவர்களுக்கு மட்டும், ஒருவருக்கு ஒரு வேளை, நர்ஸ் முன்னால் கரைய வேண்டும், காலி அட்டையைப் பதிவேட்டோடு ஒப்படைக்க வேண்டும், கொடுக்கும் முன்னும் பின்னும் வலியின் அளவும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதும் குறிக்கப்பட வேண்டும், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியும் நலாக்ஸோனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ரெஃபர் சீட்டில் மருந்தும் நேரமும் எழுதப்பட வேண்டும். வீட்டுக்கு ஒரு மாத்திரைகூடப் போகக் கூடாது. ஓராண்டு முடிவில் கணக்கு சரியில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்த மாத்திரையை மருந்துக்கடையில் கேட்காதீர்கள்; யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மருத்துவர் கண் முன்னால் இல்லாத இடத்தில் அது மருந்தல்ல, ஆபத்து. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது, ‘வலிக்கு என்ன கொடுத்திருக்கீங்க, டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உரிய பதில் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை. பதில் சொல்லத் தேவையான மருந்தை மருத்துவமனைக்குத் தர வேண்டியது அரசின் கடமை.